இரைப்பையில் இருப்பது சளி அல்ல, கோழை

போன மாதம் அம்மாவுக்கு எண்டோஸ்கோபி எடுத்தோம். வயிற்றுப் புண். மருத்துவமனையில் தமிழில் அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார்கள். 'வலி மாத்திரைகளால் இரைப்பையின் சளி குறைந்து புண் உண்டாகலாம்' என்று அதில் ஒரு வரி. பெரம்பூருக்கு ஆட்டோவில் திரும்பும்போது அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்: "சளி குறைஞ்சா நல்லதுதானே? அப்புறம் ஏன் புண்ணு வருது?"

அம்மா கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. தமிழில் சளி என்பது நோய். அது பிடிக்கும், நெஞ்சில் கட்டும். கஷாயம் வைத்துக் கரைப்போம். சளி குறைந்தது என்றால் உடம்பு தேறுகிறது என்றுதான் பொருள். இரைப்பையில் நேர்மாறு. அங்கே சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் காப்பது, உள்சுவரில் படிந்திருக்கும் கொழகொழப்பான பூச்சு. அதுதான் மியூகஸ். தாளில் அதைத்தான் சளி என்று எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வெண்டைக்காயை நறுக்கிக் கத்தியை மெல்ல இழுத்துக் காட்டினேன். நூல் நூலாக நீண்டது. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

மியூகஸ் இலத்தீன் சொல். நமக்குக் கோழை இருக்கிறது. கொழகொழ, குழைவு இவற்றோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், உறவு காதுக்கே தெரியும். இன்னொரு பழைய சொல் 'ஐ'. சாகும் நேரத்தில் கோழை மேலேறுவதைத் திருவையாற்றுப் பதிகத்தில் சம்பந்தர் 'ஐம்மேலுந்தி' என்கிறார். சித்த மருத்துவத்தில் கபத்தை ஐயம் என்பதும் இதிலிருந்துதான். ஆனால் இன்று ஐயம் என்றால் சந்தேகம். அதை இனி மீட்க முடியாது.

சிலர் சீதம் என்கிறார்கள். சீதச்சவ்வு, சீதப்படலம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். வடமொழி என்பதற்காக மட்டும் இதை நான் ஒதுக்கவில்லை. சீதம் என்றால் குளிர்ச்சி. வழவழப்பு அதில் எங்கே இருக்கிறது? போதாததற்குச் சீதபேதி வேறு. ஒரு நோயின் பெயரை விட்டுவிட்டு இன்னொரு நோயின் பெயரையா பிடிப்பது? கோழை என்றால் பயந்தவன் ஆயிற்றே என்கிறார்கள். மாடிப்படியும் படி, அரிசி அளப்பதும் படி, பாடம் படிப்பதும் படி. யார் குழம்பினார்கள்? கோழையும் தொண்டையில் கட்டுவதுதானே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் 'எனக்குக் கோழை பிடித்திருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. சளி நோய்க்கும் பொருளுக்கும் சேர்த்துப் பெயர். கோழை பொருளுக்கு மட்டும்.

அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பாளர்கள், அதை யார் படிப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். கருத்தரிக்க ஏற்ற நாட்களில் கருப்பை வாயில் தெளிவான, இழுபடும் கோழை சுரப்பது இயல்பு. அதையும் 'கருப்பைவாய்ச் சளி' என்று எழுதுகிறார்கள். படிக்கிற பெண் தனக்கு ஏதோ தொற்று வந்துவிட்டது என்றுதானே பயப்படுவாள்?