அச்சகத்தில் பூனை, ஸ்கிரீனில் முடி

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை சந்துகளில் இருக்கும் சின்ன அச்சகங்களில் பல வீட்டோடு சேர்ந்தவை. கீழே மெஷின், மேலே குடும்பம். இல்லையென்றால் முன்னறை பிரஸ், பின்கட்டு வீடு. காகிதமும் பசையும் இருக்கிற இடத்துக்கு எலி வராமல் இருக்காது. ஒரு ராத்திரியில் ஒரு ரீம் ஆர்ட் பேப்பரின் ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போனால், அத்தனை தாளையும் வெட்டிச் சின்ன சைஸ் வேலைக்குத்தான் தள்ள வேண்டும். அதனால் பிரஸ்ஸுக்குப் பூனை வருவது ஆசையால் மட்டும் இல்லை, தேவையாலும்தான்.

நான் ஸ்கிரீன் பிரிண்டிங் வேலை செய்கிறவன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிதான் ஸ்கிரீன், அதன் வழியே மையைத் தள்ளிப் போடுகிற அச்சு. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, துணிப்பை, டி-ஷர்ட் எல்லாம் போடுகிறேன். "வேலையில் முடி விழுகிறது, பூனையை விரட்டிவிடலாமா?" என்று தொழில்காரர்கள் கேட்பதுண்டு. விரட்ட வேண்டாம். ஓர் அறையை மட்டும் பூட்டி வையுங்கள்: ஸ்கிரீனுக்கு எமல்ஷன் என்கிற பூச்சைக் கோட் பண்ணி, காயவைத்து, வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் பண்ணுகிற அறை. அந்த ஒரு கதவு வேலையையும் காப்பாற்றும், பூனையின் உயிரையும் காப்பாற்றும். உயிரைப் பற்றி நம் தொழிலில் யாரும் பேசுவதே இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில், விழுந்தது பூனை முடிதானா என்று பாருங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் எல்லா பிரஸ்ஸிலும் ஒன்று இருக்கும். விலங்கின் முடி, நுனிக்குப் போகப் போக மெலிந்து கூராக முடியும். காகித இழை குட்டையாக, தட்டையாக, சுருண்டு கிடக்கும். திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட்டின் நூலாக இருந்தால் முறுக்கு தெரியும். ஸ்கிரீன் துடைக்கப் பனியன் வேஸ்ட்டைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். பூனை தலையில் விழும் பழியில் கணிசமான பங்கு அந்தத் துணிக்குச் சேர வேண்டியது.

அப்புறம், குறை எங்கே வருகிறது என்று பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் வந்தால் அது ஸ்கிரீனிலோ பிளேட்டிலோ இருக்கிறது. தாளுக்குத் தாள் இடம் மாறினால் காகிதத்தோடு வருகிறது, அல்லது காற்றில் மிதக்கிறது. தாளில் விழுந்த முடியால் ஒரு தாள்தான் போகும். ஸ்கிரீனுக்குள் புகுந்த முடி மொத்த வேலையையும் கெடுக்கும்.

எக்ஸ்போசிங்கில் நடப்பது இதுதான். வெளிச்சம் பட்ட எமல்ஷன் இறுகும், படாதது தண்ணீரில் கழுவிப் போய் மைக்கு வழி விடும். பாசிட்டிவுக்கும் (எழுத்து கறுப்பாக இருக்கும் ஃபிலிம்) எமல்ஷனுக்கும் நடுவே ஒரு முடி கிடந்தால், அதுவும் ஓர் எழுத்தைப் போல வெளிச்சத்தை மறைத்துவிடும். கழுவினதும் அந்த இடம் திறந்துகொள்ளும். மெல்லிய, லேசாக வளைந்த ஒரு கோடு, போடுகிற அத்தனை பிரதியிலும் விழும். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போதே முடி ஒட்டிக் காய்ந்தால் பின்ஹோல், அதாவது ஊசித் துளைகள், வரிசையாக வரும். நம் எழுத்தில் பின்ஹோலை அலட்சியமாக விட முடியாது. க-வுக்கு நேர் மேலே ஒரு துளி மை விழுந்தால் அது க் ஆகிவிடும். மாப்பிள்ளை பெயரிலோ குலதெய்வத்தின் பெயரிலோ அப்படி ஒரு புள்ளி விழுந்த பத்திரிகையை எந்த வீட்டிலும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கழுவியபின் ஸ்கிரீனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, திறந்திருக்கும் கோட்டையும் புள்ளியையும் ஃபில்லர் தொட்டு அடைத்துவிட்டால் பிழைக்கலாம். எழுத்துக்குள்ளேயே முடி சிக்கினால் கஷ்டம். சென்டிமீட்டருக்கு 120 இழை ஓடும் மெஷ்ஷில் (வலைத்துணியில்) ஒரு கண், அதாவது துளை, ஏறக்குறைய 45 மைக்ரான் அகலம்தான். பூனையின் அடிமுடி அதைவிட மெல்லியது. துளைக்குள்ளேயே போய்ப் பின்னிக்கொள்ளும். நகத்தால் நோண்டினால் எமல்ஷன் உரியும். செல்லோ டேப்பை அடிப்பக்கம் மெதுவாக ஒட்டி எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் வேறு ஸ்கிரீன் போடுவதுதான் வழி.

சென்னையில் இந்தத் தொல்லை அதிகமாக வருவது ஐப்பசி, கார்த்திகையில். மழைக்காலத்துக் காற்றில் ஈரம் ஏறினால் எமல்ஷன் காய நேரம் பிடிக்கும். ஈரம் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம் முடியும் தூசியும் வந்து ஒட்டும். மழைக்குப் பயந்து பூனையும் நாயும் உள்ளேயே கிடப்பதும் அப்போதுதான். பலரும் ஃபேனை வேகமாக வைத்து ஸ்கிரீனைக் காயவைக்கிறார்கள். அது தரையில் கிடக்கும் முடியைத் தூக்கி ஸ்கிரீன் மேல் போடும் வேலை. மூடிய அறையில், அடிப்பக்கம் கீழே பார்க்க, படுக்கைவாட்டில் தட்டில் வைத்துக் காயவையுங்கள். டீஹியூமிடிஃபையர் வாங்க முடிந்தால் நல்லது. ஏசியும் ஓரளவு ஈரத்தை இழுக்கும், ஆனால் அதன் ஃபில்டரை வாராவாரம் கழுவ வேண்டும்.

கோட் பண்ணும் முன் அந்த அறையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள். எக்ஸ்போசிங் கண்ணாடியையும் பாசிட்டிவையும் நூல் விடாத துணியால் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

கதவைப் பூட்டினாலும் முடி உள்ளே வரும். கொண்டுவருவது நாம்தான். மடியில் பூனையை வைத்திருந்துவிட்டு அதே பருத்திச் சட்டையோடு குனிந்து கோட் பண்ணினால் கதவால் என்ன பயன்? அந்த அறைக்கென்று வழவழப்பான நைலான் ஏப்ரன் ஒன்று உள்ளே ஆணியில் தொங்கட்டும். அங்கேயே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். காலையில் கடை திறக்கும் முன் பூனையை மொட்டை மாடியில் வைத்துச் சீப்பால் வாரிவிட்டால், பகலெல்லாம் உதிர வேண்டிய முடியில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். வாருவதைப் பூனையும் விரும்பும்.

நாய் வளர்ப்பவர்கள், குட்டை முடி நாய் என்றால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறார்கள். சிப்பிப்பாறைக்கும் முடி உதிரும். அந்தக் குட்டையான, விறைப்பான முடி துணியில் குத்திக்கொண்டு எளிதில் வராது. டி-ஷர்ட் வேலையில் நீள முடி நாயின் முடியை விட இதுதான் கஷ்டம். ஹீட் பிரஸ்ஸை இறக்கும் முன் ஒட்டும் ரோலரால் ஒரு தடவை உருட்டிவிடுங்கள். டிடிஎஃப் ஃபிலிமுக்கு (துணியில் சூடுவைத்து ஒட்டும் அச்சு ஃபிலிம்) அடியில் மாட்டிய முடியை அப்புறம் எடுக்க முடியாது. லேமினேஷனும் அப்படித்தான். ஃபிலிம் ரோல் சுழலும்போது எழும் ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்), பக்கத்தில் மிதக்கும் முடியை இழுத்துக்கொள்ளும். ஆஃப்செட் நண்பர்களுக்குத் தெரிந்ததுதான்: தண்ணீரை உறிஞ்சின இழை பிளேட்டிலோ பிளாங்கெட்டிலோ (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) ஒட்டினால் அங்கே மை ஏறாது, வெள்ளையாக விழும். நிறுத்தித் துடைத்தால் போய்விடும்.

முடியால் நமக்குப் பணம்தான் நஷ்டம். நம் அறையால் பூனைக்கு உயிரே போகலாம்.

மையை இளக்கவும் துடைக்கவும் வைத்திருக்கும் தின்னர், ரெடியூசர், டர்பன்டைன் இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தேங்கும். நின்றுகொண்டு வேலை செய்கிற நமக்கு வாசனை லேசாகத் தெரியும்போது, மேஜைக்கு அடியில் படுத்திருக்கும் பூனை அதையே மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரையை ஒட்டி மட்டும் வைத்திருந்தால் கீழே தேங்கினது சீக்கிரம் போகாது. பறவைகளின் நுரையீரல் இதைக்கூடத் தாங்காது. லவ் பேர்ட்ஸ் கூண்டைப் பிரஸ்ஸுக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

பூனை விழித்திருக்கும்போது அடிக்கடி தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். அதன் பாதத்தில் பட்டது எதுவானாலும் வயிற்றுக்குப் போகும். எமல்ஷனோடு கலக்கும் ஆரஞ்சு நிற சென்சிடைசர் பல இடங்களில் இன்னும் பைகுரோமேட்தான். புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் வகை அது. கையுறை இல்லாமல் நாமே தொடக் கூடாது. ஸ்கிரீன் கழுவின தண்ணீர் தொட்டியடியில் மஞ்சளாகத் தேங்கி நிற்கும்போது பூனை அதில் நடந்து போகும், தாகத்துக்குக் குடிக்கவும் செய்யும். கழுவும் இடமும் அதே கதவுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பூனைக்கு எப்போதும் நல்ல தண்ணீர் வெளியே ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும்.

பினாயில் இன்னொரு ஆபத்து. முடியும் தூசியும் போகட்டும் என்று தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறோம். பீனால் வகைப் பொருளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. பைன் ஆயில் கலந்த வெள்ளை பினாயிலும் ஆகாது. சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெறும் தண்ணீரால் மறுபடி துடைத்தால் போதும். பூனை இருக்கும் இடத்தில் எலி மருந்து கேக்கும் வேண்டாம். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் விஷம் ஏறும். ரத்தத்தை உறையவிடாத வகை மருந்தாக இருந்தால் அறிகுறி தெரியவே சில நாள் ஆகும்.

பூனையின் மேல் மை பட்டுவிட்டால் தின்னராலோ மண்ணெண்ணெயாலோ துடைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவி மையை இளக்கி, பாத்திரம் கழுவும் திரவமோ குழந்தை ஷாம்புவோ போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். அதுவரை நக்கவிடாமல் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கெட்டியாகக் காய்ந்திருந்தால் அந்த இடத்து முடியைக் கத்தரித்துவிடலாம்.

பூனை தின்னரைக் குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வெளியே வரும்போது அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும், குடித்ததைவிட அது மோசம். எச்சில் வடிவது, தள்ளாடுவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். பக்கத்து டாக்டர் இல்லாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கிளம்பும் முன் டின்னின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனது எந்த ரசாயனம் என்பதுதான் டாக்டர் முதலில் கேட்பது. சில்லறையில் வாங்கி வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கும் தின்னருக்கு லேபிளே இருக்காது. அந்த பாட்டில்களின் மேல் இன்றைக்கே மார்க்கரால் பெயர் எழுதி வையுங்கள்.