வியப்பே இல்லாத வியப்புச்சொல்

அக்கா மகன் ஆறாவது படிக்கிறான். போன வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், பள்ளியில் கொடுத்த பயிற்சித்தாளை நீட்டினான். தலைப்பு ‘கார்ட்டூன் பாத்திரங்களின் வியப்புச்சொற்கள்’. முதல் வரியிலேயே ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் அப்பா ஹோமர் சிம்ப்சனின் ‘டோ!’. “மாமா, இந்தாளு எதப் பாத்து வியக்கிறான்?” என்றான். தாளைத் தயாரித்தவருக்குத் தோன்றாத கேள்வி.

ஆங்கிலத்தில் இதற்கு எக்ஸ்கிளமேஷன், இன்டர்ஜெக்ஷன் என்று இரண்டு பெயர். எக்ஸ்கிளமேஷன் லத்தீன் வழி வந்தது. ‘உரக்கக் கத்துவது’ என்பதுதான் வேர்ப்பொருள். இன்டர்ஜெக்ஷன் என்றால் ‘இடையில் எறிவது’. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து ‘வியப்பிடைச்சொல்’ என்று உருட்டிவிட்டார்கள். அதன் நடு உதிர்ந்ததுதான் இந்த வியப்புச்சொல் போலும்.

வேரில் வியப்பே கிடையாது. தொல்காப்பியர் எண்ணிய மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இதில் மருட்கைதான் வியப்பு. எட்டுப் பேர் வீட்டை ஒருத்தர் பேரில் பட்டா போட்டால் மற்ற ஏழு பேர் எங்கே போவார்கள்? கற்காலக் கார்ட்டூன் நாயகன் ஃப்ரெட் ஃப்ளின்ட்ஸ்டோனின் ‘யாபா டாபா டூ’ சுத்தமான உவகை. ஹோமரின் ‘டோ’ தன்மேலேயே வரும் வெகுளி. காசிமேட்டில் ஒரு அம்மா வவ்வால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, “அய்ய…” என்று இழுத்துவிட்டு அடுத்த கூடைக்கு நகர்வாரே, அதில் வியப்பு எங்கே இருக்கிறது? மீன்காரருக்கு அது இளிவரல், அதாவது அருவருப்பு, என்று நன்றாகவே புரியும்.

இடைச்சொல்லும் இடிக்கிறது. பெயரொடும் வினையொடும் நடைபெறும், ‘தமக்கியல்பிலவே’, தனியாக நடக்காது என்பது தொல்காப்பியம். ‘ச்சே!’ யார் கையையும் பிடிக்காமல் தனியாகவே நடக்கும். அந்தோ, சீ எல்லாம் இடைச்சொல்லில்தானே இருக்கின்றன என்பீர்கள். சரி, இருக்கின்றன. வேறு இடம் இல்லாமல் இலக்கணக்காரர்கள் அங்கே உட்கார வைத்தார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அவர்கள்கூட அந்தோவை இரக்கக்குறிப்பு என்றும், சீயை இகழ்ச்சிக்குறிப்பு என்றும் பிரித்துத்தான் சொன்னார்கள். நாம்தான் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்.

‘டோ’ சொல்தானா என்பதே சந்தேகம். சிம்ப்சன்ஸ் கதைவசனத்தில் அந்த இடத்தில் ‘எரிச்சலான உறுமல்’ என்றுதான் எழுதியிருக்கும். குரல் கொடுத்த டான் காஸ்டெல்லனெட்டா, லாரல் ஹார்டி படங்களில் வரும் மீசைக்காரர் ஜேம்ஸ் ஃபின்லேசன் ‘டோ…ஓ’ என்று இழுப்பதை எடுத்துக்கொண்டார். அதைச் சுருக்கச் சொன்னவர் தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங். 2001-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே அதைச் சேர்த்துக்கொண்டது. இதற்கு நம்மாட்கள் ‘ஐயகோ’ என்று டப்பிங் போடுவார்கள்! கேரம் கிளப்பில் போய் நின்றால் தெரியும். ரெட்டைப் போட்டு, அதற்கு ஃபாலோவும் போடும்போது பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் குழியில் விழும். தொடையில் அடித்துக்கொண்டு ஒரு ‘ச்சே!’ வருமே, அதுதான் ‘டோ’.

ஆகவே நான் ‘உணர்வொலி’ என்பேன். சொல்லாக இருந்தாலும் முனகலாக இருந்தாலும் அதில் அடங்கும். தாளின் கடைசி வரியில் இருந்த கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னியின் வசனம் மட்டும் அடங்காது. 1940-ல் துப்பாக்கி நீட்டியவன் எதிரில் காரட்டைக் கடித்துக்கொண்டு, “இன்னா டாக்டரே, இன்னா விசயம்?” என்கிற தோரணையில் அது கேட்டது வெறும் கேள்வி. ஓயாமல் சொல்வதால் அதை முத்திரை வசனம் எனலாம். பஞ்ச் டயலாக் என்று மட்டும் சொல்லாதீர்கள். பஞ்ச் எதிராளியை அடிக்கச் சொல்வது, முயல் யாரையும் அடிக்கவில்லை.

தலைப்பை அடித்து ‘உணர்வொலிகள்’ என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் தாள் திரும்பி வந்தது. என் திருத்தத்தைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ஒரு பெரிய ஆச்சரியக்குறி.

“மிஸ் வியந்துட்டாங்க மாமா” என்றான் பையன்.