சொல் விளக்கம்: 'பிட்ச்' என்பது ஆடுகளமா, வீச்சா?

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் மென்பந்து என்றால் டெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்தான். ஆகவே சொஃப்ட்போல் என்னும், பேஸ்போலை ஒத்த அமெரிக்க விளையாட்டை மென்பந்து என்று பெயர்ப்பவர் நம் வாசகரை வேறொரு திடலுக்கு அனுப்பிவிடுகிறார். அந்தப் பந்து மென்மையானதும் அன்று. 12 அங்குலச் சுற்றளவுடைய அது கிரிக்கெட் பந்தைவிடக் கனமானது. 1887இல் சிக்காகோவில் குத்துச்சண்டைக் கையுறையொன்றைச் சுருட்டிக் கட்டி உள்ளரங்கில் ஆடத் தொடங்கிய விளையாட்டுக்கு, இந்தப் பெயர் 1926இல்தான் வந்தது.

'பிட்ச்' என்ற சொல்லிலும் இதே இடர் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் அதற்கு ஊன்றுதல், குத்தி நிறுத்துதல் என்று பொருள். கிரிக்கெட்டில் விக்கெட் ஊன்றிய நிலமே பிட்ச் ஆயிற்று. அதைத் தமிழில் ஆடுகளம் என்கிறோம். பேஸ்போலிலோ அது இலக்கை நோக்கிக் கையைத் தாழ்த்திப் பந்தை விடுவதைக் குறித்தது. 1884இல் அமெரிக்காவின் தேசிய லீக் தோளுக்கு மேலாக எறிய இடங்கொடுத்த பிறகு செயல் மாறியது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. பழைய பொருளைக் காத்துவருவது, இன்றும் கையைத் தாழ்த்தியே பந்தை விடும் சொஃப்ட்போல்தான் என்பேன்.

கையைத் தாழ்த்தி விடும் பந்தில் என்ன கடினம் என்று கிரிக்கெட் பழகிய கண் கேட்கும். வீசுபவர் கையை ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்பருகே பந்தை விடுகிறார். பெண்கள் ஆட்டத்தில் அவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 43 அடிதான். காலை முன்வைத்து விடுவதால் அதிலும் ஐந்தாறு அடி குறைகிறது. மணிக்கு 70 மைல் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ 0.36 செக்கனில் வந்து சேர்ந்துவிடும். அறுபதரை அடிக்கு அப்பாலிருந்து 95 மைல் வேகத்தில் வரும் பேஸ்போல் பந்துக்கும் இதைவிடச் சற்றுக் கூடுதலான நேரம் வேண்டும்.

இந்தக் கடினத்தில் நேரம் ஒரு பாதிதான். தேர்ந்த ஆட்டக்காரர் பந்தைக் கடைசிவரை பார்த்து அடிப்பதில்லை. எறிபவரின் தோளையும் கையையும் கொண்டு அது வரும் வழியை முன்கூட்டியே கணிக்கிறார். மேலிருந்து இறங்கும் பந்துக்குப் பழகிய அந்தக் கணிப்பு, கீழிருந்து எழும் பந்தின் முன் பயனற்றுப் போகிறது. பின்சுழற்சி கொடுத்தால் பந்து எதிர்பார்த்த அளவு தாழாது. மட்டை அதன் அடியில் காற்றை வெட்டும். 2004இல் ஒரு காட்சிப் போட்டியில் அமெரிக்க சொஃப்ட்போல் வீராங்கனை ஜெனி ஃபின்ச் வீசிய பந்துகளை அல்பர்ட் பூஹோல்ஸ் போன்ற பேஸ்போல் வல்லவரே தொட முடியாமல் போனது இதனால்தான்.

சொஃப்ட்போலின் இந்தப் 'பிட்ச்' என்பதற்குத் தமிழ்ச்சொல் எது? 'எறிதல்' பொருந்தாது, கிரிக்கெட்டில் அது விதிமீறல். 'வீச்சு' பொருந்தும்: கைவீசி நடக்கிறோம், வலை வீசுகிறோம், காற்று வீசுகிறது, எல்லாவற்றிலும் ஓர் அசைவின் விசை இருக்கிறது. கதிர்காமத்தை நாடிச் செல்லும் நம்மவருக்கு வள்ளி தினைப்புனத்தில் சுழற்றிய கவணும் நினைவுக்கு வரலாம். அந்தச் சுழற்சிதான் இங்கே கையாகிறது. ஆயினும் 'சுழல்வீச்சு' என்றால் சுழற்பந்து நினைவு குறுக்கிடும். எனவே இவ்வாறு விரைந்து வீசும் சொஃப்ட்போல் வகையான ஃபாஸ்ட்பிட்சை 'விரைவீச்சு' என்றும் வீசுபவரை 'வீச்சாளர்' என்றும் வழங்கி, 'பந்துவீச்சாளர்' என்பதைக் கிரிக்கெட்டுக்கே விட்டுவிடலாம். விளையாட்டின் பெயர் சொஃப்ட்போல் என்றே இருக்கட்டும்.