சுவரில் பூக்கும் உப்பும் சுலவேசிக் குகை ஓவியங்களும்

மும்பையில் மாட்டுங்கா, தாராவிப் பகுதிகளின் பழைய வீடுகளில் வாழும் தமிழர்களுக்கு, மழைக்காலம் முடிந்ததும் சுவரில் வெள்ளையாக உப்புப் பூப்பதும், பின்னர் பூச்சு பொரிந்து உதிர்வதும் பழகிய காட்சி. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், மாரோஸ்-பங்கெப் சுண்ணாம்புப் பாறைக் குகைகளில், தொல்மாந்தர் தீட்டிய ஓவியங்களையும் இதே உப்புதான் அரித்து வருகிறது. அவற்றுள் லியாங் கராம்புவாங் குகையின் காட்டுப்பன்றி ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டுகள் பழமையானது என்று 2024இல் கணிக்கப்பட்டது.

பாறையின் நுண்துளைகளில் ஊறும் நீர், உப்பைக் கரைத்துச் சுமந்து வருகிறது. அது மெதுவாக உலர்ந்தால் உப்பு வெளிப்பரப்பில் படியும். அதனால் பெரிய தீங்கில்லை. வெப்பமும் வறண்ட காற்றும் விரைந்து உலர்த்தும்போதோ, நீர் வெளியே வருமுன்பே ஆவியாகிவிட, உப்பு ஓவியத்துக்குப் பின்னால், பாறைத் தோலுக்கு உட்புறமாகப் படிகமாகி, வளர வளரத் துளைச் சுவரை நெட்டித் தள்ளுகிறது. ஒரு முறை நெட்டியதால் பாறை உடைந்துவிடாது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையும் (அடுக்களை உப்பு மழைக்காலத்தில் நீர்விடுவது இதனால்தான்). ஈரம் குறைந்தால் மீண்டும் படிகமாகும். இந்தச் சுழற்சி எத்தனை முறை நிகழ்கிறது என்பதே பாறையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

அப்பகுதியின் 11 ஓவியத் தலங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, உரிந்த பாறைச் செதில்களில் கால்சியம் சல்ஃபேட் என்னும் உப்பையும் சோற்றுப்பான சோடியம் குளோரைடையும் கண்டது. கடும் பருவமழையும் எல் நினோ வறட்சியும் மாறிமாறி வருவது இச்சுழற்சியைத் தூண்டுகிறது. புவி வெப்பமாதல் அதை மேலும் கூர்மையாக்குகிறது. சுற்றிலுமுள்ள வயல்களிலும் மீன்குட்டைகளிலும் தேங்கும் நீர் ஈரத்தைக் கூட்டுகிறது.

ஓவியத்தின் மேல் எதையாவது பூசி அடைத்துவிடலாமே என்று தோன்றும். உப்புப் பூத்த சுவருக்கு ஆயில் பெயின்ட் அடித்தவர்கள், அடுத்த மழைக்குப் பின் பெயின்டோடு பூச்சும் பெயர்ந்து வருவதைப் பார்த்திருப்பார்கள்; அடைபட்ட நீர் உள்ளேயே உப்பை விட்டுச் செல்கிறது. முப்பரிமாண ஸ்கேன் எடுப்பது அவசியம், ஆனால் அதைப் பாதுகாப்பு என்று அழைப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அது பதிவு மட்டுமே.

பினிஞ், முங்குய் பழங்குடிகளின் நிலமான ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவில், பாறை ஓவியத்தைத் தொடாமல், அதற்கு மேலுள்ள பாறையில் சிலிகானால் மெல்லிய வரம்பு கட்டுகிறார்கள். வழிந்து வரும் மழைநீர் அங்கே தடுக்கப்பட்டு, கூரையின் தாழ்வாரத்திலிருந்து சொட்டுவதுபோல், ஓவியத்துக்கு அப்பால் சொட்டுகிறது. பாறைக்குள் ஊறி வரும் நீரை அந்த வரம்பு நிறுத்தாது; சுலவேசியின் சிக்கல் பெரிதும் அந்த ஊறும் நீரிலும் காற்றின் ஈரத்திலும் இருப்பதால், அங்கே குகையைச் சூழ்ந்த நிலத்தில் நீர் எவ்வாறு தேங்குகிறது என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது.