ஏ.டி.எச்.டி.: தமிழில் எப்படிச் சொல்வது?

அட்டென்ஷன், டெஃபிசிட், ஹைப்பர்ஆக்டிவிட்டி, டிஸ்ஆர்டர் என்பவற்றின் முதலெழுத்துகள்தான் ஏ.டி.எச்.டி. கவனம் ஓரிடத்தில் நிலைக்காமலும், பலரிடம் உடல் ஓயாமலும் இருக்கும் நிலை அது. முதல் சொல், 'ஒன்றை நோக்கி நீட்டுதல்' என்ற லத்தீன் வினையில் பிறந்தது. டெஃபிசிட்டும் லத்தீன், பட்ஜெட்டில் விழுகிற பற்றாக்குறைக்கும் இதே சொல்தான். ஹைப்பர் என்பது 'மிகை' என்னும் கிரேக்க முன்னொட்டு.

1902இல் லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அவர் விவரித்தவர்களில் அறிவுத்திறன் குறையாத 20 பேரில் 15 பேர் பையன்கள். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு 1968இல் வைத்த பெயரோ 'குழந்தைப்பருவ மிகையியக்க எதிர்வினை'. ஓயாமல் ஓடினால்தான் கணக்கில் வரும். 1980இல் பெயர் ஏ.டி.டி. (அட்டென்ஷன் டெஃபிசிட் டிஸ்ஆர்டர்) ஆனது; மிகையியக்கம் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை. ஓடாத பிள்ளைக்கும் ஒருவழியாக இடம் கிடைத்தது. ஏழே ஆண்டில், 1987இல், ஹைப்பர்ஆக்டிவிட்டியின் 'எச்' பெயருக்குள் நுழைந்தது. கவனமின்மை மேலோங்கிய வகையை 1994இல் தனியே வகுத்தபோதும் அந்த எழுத்தை யாரும் எடுக்கவில்லை.

பெண்பிள்ளைகளுக்கு அந்த எழுத்துதான் வினை. பெஞ்சு மேல் ஏறுகிறவனை டாக்டரிடம் காட்டச் சொல்வார் ஆசிரியர். ஜன்னலைப் பார்த்தபடி பாடத்தைத் தவறவிடுகிறவளால் யாருக்குத் தொந்தரவு? துடிப்பு இருந்தாலும் பலரிடம் அது காலில் தெரியாது, வாயில் தெரியும். அளவுமீறிப் பேசுவதும் டி.எஸ்.எம். பட்டியலில் உள்ள அறிகுறிதான். நாம் 'வாயாடி' என்று முடித்துவிடுகிறோம். நோட்டை மறந்தால் 'பொம்பளப் புள்ள இப்படியா அசமந்தமா இருக்கறது?' திட்டுக்குப் பயந்தே பையைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, ராத்திரி கண்விழித்து எழுதி, மறைத்துக்கொண்டே வளர்கிறாள். பின்னாளில் மருத்துவரிடம் போனால் பதற்றம், மனச்சோர்வு என்று சீட்டில் ஏறும்; அடியில் இருப்பது அப்படியே கிடக்கும். மகனைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன இடத்தில் தன்னை அடையாளம் கண்டுகொண்ட தாய்மார்கள் உண்டு. சிறுவயதில் கண்டறியப்படுவோரில் பையன்களே மிகுதி. பெரியவர்களிடையே அந்த இடைவெளி வெகுவாகக் குறைகிறது. அறிகுறி தென்பட வேண்டிய வயது வரம்பை டி.எஸ்.எம். 2013இல் 7இலிருந்து 12ஆக உயர்த்தியது இப்படித் தாமதமாகத் தெரியவருகிறவர்களுக்குக் கொஞ்சம் உதவி. விஷயம் சின்னதல்ல: அமெரிக்காவின் பெர்க்லியில் உளவியலாளர் ஸ்டீபன் ஹின்ஷாவின் குழு ஏ.டி.எச்.டி. உள்ள 140 சிறுமிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, வளர்ந்தபின் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் மற்றப் பெண்களைவிட அவர்களிடம் அதிகம் இருந்தன.

தமிழில் 'கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 'கவனக்குறைவாக லாரி ஓட்டியவர் கைது' என்று படித்துப் பழகிய நமக்கு, அது குற்றப்பத்திரிகை மாதிரி ஒலிக்கிறது. பிடித்த வேலையில் சோறு தண்ணி மறந்து மூழ்குகிறவர்களும் இவர்களில் உண்டு. அவர்களிடம் போய்க் கவனம் குறைவு என்பதா? 'கவன ஒழுங்கின்மை' பொருளுக்கு நெருங்கி வருகிறது, ஆனால் ஒழுங்கில்லாதவள் என்ற வசை அதில் ஒளிந்திருக்கிறது. புழக்கத்தில் ஏற்கெனவே உள்ள 'கவனச்சிதறல் மிகையியக்கக் கோளாறு' போதும். ஓட்டமில்லாதவர்களைப் பற்றி எழுதும்போது 'கவனச்சிதறல் வகை' என்று நிறுத்திக்கொள்ளலாம். மருந்துச் சீட்டில் ஏ.டி.எச்.டி. என்றே இருக்கட்டும்.