மென்பொருள் எண்ணிய புள்ளி, யாருடைய உட்கருவில்?

மார்பகப் புற்றுநோய்க்கான ஹெர்-2 ஃபிஷ் (மரபணுவை ஒளிரும் புள்ளிகளாகக் காட்டும்) சோதனையில் எண்ண வேண்டியது இரண்டு நிறப் புள்ளிகளைத்தான். சிவப்பு ஹெர்-2 மரபணு. பச்சை, அது இருக்கும் 17ஆம் குரோமோசோமின் சென்ட்ரோமியர், அதாவது இடுங்கிய பகுதி. டாப்பி சாயம் உட்கருவை நீலமாகக் காட்டும். உட்கருவுக்குச் சராசரியாக 4 சிவப்பாவது இருந்து, அது பச்சையைப் போல் 2 மடங்குக்குக் குறையாமலும் இருந்தால் தெளிவான பாசிட்டிவ். இருட்டறையில் எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனவர்களுக்கு மென்பொருள் வந்தது பெரிய நிம்மதி. எனக்கும்தான்.

ஒருமுறை ஒரு ஸ்லைடுக்குச் சிவப்பு-பச்சை விகிதம் 1.9 என்று வந்தது. நெகட்டிவ் என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று, அது எண்ணிய உட்கருக்களின் படங்களைத் திறந்தேன். பாதிக்கு மேல் சின்னச் சின்ன உருண்டைகள்; ஒவ்வொன்றிலும் இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை. எல்லாம் லிம்போசைட்டுகள்! புற்றுச் செல்களே அல்ல, வெள்ளையணுக்களில் ஒரு வகை.

முழு எண்ணில் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 100 உட்கருக்களில் 70 லிம்போசைட்: 140 சிவப்பு, 140 பச்சை. மீதி 30 புற்றுச் செல்கள், தலா 8 சிவப்பு, 2 பச்சை: 240, 60. மொத்தம் 380க்கு 200, விகிதம் 1.9. புற்றுச் செல்களை மட்டும் எண்ணினால் 4. ஹெர்-2 பாசிட்டிவ் புற்றுக்கான மருந்தான டிராஸ்டுசுமாப் கிடைக்க வேண்டியவருக்கு அது கிடைக்காமலே போயிருக்கும். மென்பொருள் கூட்டலில் தப்புச் செய்யவில்லை. நீலமாக, வட்டமாக இருந்ததை எல்லாம் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இன்னொரு வில்லங்கம், மரபணு மிக அதிகமாகப் பெருகிய செல்களில். சிவப்புப் புள்ளிகள் திராட்சைக் குலை மாதிரி ஒட்டிக் கிடக்கும். நம் கண்ணுக்கு அது குலை. மென்பொருளுக்குச் சில நேரம் ஒரே பெரிய புள்ளி. படம் எடுக்கும்போது வெளிச்சம் மிதமிஞ்சிப் போனால் இடைவெளிகள் இன்னும் மறைந்துவிடும். அப்புறம், 4-5 மைக்ரான் தடிமனில் வெட்டிய திசுவில் பல உட்கருக்கள் அரைகுறையாகத்தான் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறியதும் உண்டு. அவற்றை விட்டுவிட வேண்டும்.

இப்போது, சாதாரணச் சாயமிட்ட ஸ்லைடில் நோயியல் மருத்துவர் புற்றுப் பகுதியை வட்டமிட்டுத் தராமல் நான் ஸ்கேன் போடுவதில்லை. மென்பொருள் எண்ணியதில் எத்தனை உட்கருக்களைக் கையால் நீக்கினோம் என்றும் எங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும்.