மூடுபனியின் மேல் பழி போடாதீர்கள்

"சார், மிஸ்ட் இறங்கிடுச்சு, அதான் சிக்னல் இல்லை." குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களின் வயர்லெஸ் இணைப்புகளைப் பராமரிப்பது என் வேலை. ஜூன் பிறந்தால் இந்த போன் வராத நாள் குறைவு.

மூடுபனித் துளியின் அளவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். செல்போன் அலை ஏறக்குறைய ஒரு சாண் நீளம், தோட்டத்து வாக்கி டாக்கி அலை ஓர் ஆள் உயரம். அவ்வளவு சின்னத் துளி இந்த அலைகளை மறிக்காது. கெடுப்பது கூடவே வரும் ஈரம். ஒரு தோட்டத்தில் மூடுபனி வந்தாலே லிங்க் போய்விடும். கம்பத்தில் ஏறி கனெக்டரைப் பிரித்தால் உள்ளே தண்ணீர், பச்சைக் களிம்பு. சுற்றியிருந்த டேப் வெயிலில் வெடித்திருந்தது. அப்புறம் நனைந்த கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள்: ஆன்டெனாவுக்கு முன்னால் வளர்ந்துவிட்டால் ஈர இலைகள் சிக்னலைக் குடித்துவிடும். மழைக்காலத்துக்கு முன்பே மே மாதத்தில் கனெக்டர்களைப் பிரித்துப் பாருங்கள், கிளைகளை வெட்டுங்கள்.

கனமழை வேறு கதை. டவருக்கு டவர் பேசும் டிஷ்களில் பல 15 முதல் 23 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. 23-இல் அலை நீளம் வெறும் 13 மில்லிமீட்டர். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் அதை விழுங்கும், சிதறடிக்கும். போனில் கோடுகள் முழுதாக இருந்தும் நெட் நகராமல் நிற்பதற்கு இது ஒரு காரணம்: உங்களுக்கும் டவருக்கும் இடையே சரி, அந்த டவருக்கும் அடுத்ததற்கும் இடையேதான் அறுந்திருக்கிறது. டிடிஎச் டிவி பெருமழையில் நிற்பதும் இதே வகைதான். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட நாளில் செல்போனை மட்டும் நம்பக் கூடாது. உரிமம் பெற்ற விஎச்எஃப் (அந்த ஆள் உயர அலை) வாக்கி டாக்கி குறைந்தது இரண்டு, சார்ஜ் ஏற்றியபடி, ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும்.

என்னையே ஏமாற்றியது ஜனவரி உறைபனி. பள்ளத்தைத் தாழ்வாகக் கடக்கும் ஒரு லிங்க் விடிகாலை நான்கு மணிக்கு விழும், வெயில் ஏறியதும் தானாக எழும். ரேடியோவை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், பலனில்லை. வானம் தெளிந்த குளிர் இரவில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும், அதன் மேல் வெப்பக் காற்று படியும். அந்த அடுக்கில் அலை வளைந்து, வேறு வேறு பாதையில் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. டிஷ்ஷைச் சில மீட்டர் மேலே ஏற்றிய பிறகுதான் தொல்லை அடங்கியது.

கடைசியாக, மழை ரேடார் படம். 150 கி.மீ. தொலைவிலுள்ள ரேடார் கற்றையை மேல்நோக்கி அரை டிகிரி சாய்வில் அனுப்பினால், நம் பக்கம் வரும்போது அதன் நடுப்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டரில் இருக்கும்; ஏறக்குறைய தொட்டபெட்டா உச்சி. கூடலூர்ச் சரிவில் அதற்கு வெகு கீழே கொட்டும் மழையில் பெரும்பகுதி அதன் கண்ணில் படாமல் போகலாம். படம் வெளிர் நிறத்தில் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். ஓடைத் தண்ணீர் கலங்கி ஏறினால், படம் என்ன காட்டினாலும் அன்றிரவு கரையோர வீட்டில் தங்க வேண்டாம்.